பக்கவாத்தியம் வாசிப்பவரும் கச்சேரிதான் செய்கிறார்: சபா நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சபா செயலாளர்களுக்கும் இசைவிழாக் குழுவினருக்கும்,

வணக்கம். 32 வருடமாகக் கர்நாடக இசை மேடையில் வயலின் வாசிக்கிறேன். அதில் பெரும்பகுதி பக்கவாத்தியம். 25 வருடமாக வயலின் சொல்லியும் கொடுக்கிறேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். சிலருடைய வீட்டுக் குழந்தைகள் என்னிடம்தான் முதல் பாடமான சரளி வரிசையை ஆரம்பித்தார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் என் மாணவி ஒருத்தியின் அம்மா போகாமல் நின்றார். அந்தப் பெண்ணுக்கு 17 வயது. எட்டு வயதில் அரை சைஸ் வயலினோடு வந்தவள். இப்போது பாடுபவர் ராகத்தில் நாலு பிடி (ராகத்தின் சிறு சிறு துண்டுகள்) பிடிப்பதற்குள் பின்னாலேயே போய்விடுகிறாள். கீழ்க்காலம், அதாவது மெதுவான வேகம், அவசரப்படாமல் வாசிக்கிறாள், அந்த வயதில் அது அபூர்வம். "டீச்சர், இவள் வயலினையே தொழிலாக வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். இதை நம்பி வாழ முடியுமா? நீங்கள் சொல்வதைத்தான் நான் எடுத்துக்கொள்ளப்போகிறேன்" என்றார் அம்மா.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் நாள் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவளுடைய கையைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவளைக் கச்சேரிக்குக் கூப்பிடப் போகிறவர்கள் எப்படி நடத்துவார்கள் என்பதில்தான் சந்தேகம். கூப்பிடப் போகிறவர்கள் நீங்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

முதலில், அந்தப் பெண் எந்த வேலைக்கு வர நினைக்கிறாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டுப் பழகியவர்கள்தான். ஆனாலும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பது ஒன்று, வில்லைப் பிடித்துக்கொண்டு கேட்பது வேறு.

கர்நாடகக் கச்சேரிக்குப் பொதுவாக ஒத்திகை கிடையாது. பாடப்போகும் உருப்படிகளின் பட்டியல் பெரும்பாலும் எங்கள் கைக்கு வராது. மேடையில் உட்கார்ந்து சுருதி சேர்த்த பிறகுதான், இன்றைக்கு எந்த வர்ணம், எது மெயின் என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். பாடகர் தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையை ஆரம்பித்தால் அவர் பிடியை ஒரு மூச்சு பின்னால் தொடர வேண்டும். அவர் நிறுத்தும் இடத்தில் அந்த ஸ்வரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவர் குரலை மறைக்கக் கூடாது, காணாமலும் போய்விடக் கூடாது. அப்புறம் அதே ராகத்தை, அவர் எடுத்துக்கொண்டதைவிடக் குறைந்த நேரத்தில், அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லாமல் நாம் வாசிக்க வேண்டும். பாட்டின் ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவலிலும், ஸ்வரங்களைக் கற்பனையாகக் கோத்துப் பாடும் கல்பனை ஸ்வரத்திலும் வருவதற்கெல்லாம் அந்தக் கணமே பதில் வேண்டும். அவர் ஒரு தாளக் கணக்கோடு முடிப்பான கோர்வை வைத்தால், ஒரே தடவை காதில் வாங்கி, பாட்டு தாளத்தில் தொடங்கும் இடமான எடுப்புத் தவறாமல் திருப்பித் தர வேண்டும். பல்லவி என்றால் கேட்கவே வேண்டாம். இதுவரை கேட்டே இராத ஒரு வரி, ஏதோ ஒரு நடையில், தாளத்துக்குக் கால் இடமோ முக்கால் இடமோ தள்ளி ஆரம்பிக்கும். அவர் இரண்டாவது முறை பாடும்போது அது நம் கையில் இருக்க வேண்டும்.

சுருதி விஷயமும் உண்டு. வயலினை ஸ, ப, ஸ, ப என்று பாடுபவரின் சுருதிக்குத்தான் சேர்க்கிறோம். திங்கட்கிழமை தாழ்ந்த சுருதியான ஒரு கட்டையில் பாடும் வித்வானுக்கு வாசித்துவிட்டு, புதன்கிழமை உயர்ந்த ஐந்து கட்டையில் பாடும் விதுஷிக்கு வாசித்தால், தந்தியின் இறுக்கமே மாறிவிடும். விரலுக்குக் கீழே அது வேறு வாத்தியம் மாதிரி இருக்கும். இதற்காகவே எங்களில் பலர் இரண்டு வயலின் வைத்திருக்கிறோம். யாருக்கு வாசிக்கப்போகிறோம் என்று முன்னாலேயே தெரிந்தால் தந்தியை மாற்றி, இரண்டு நாள் அந்தச் சுருதியிலேயே சாதகம் (பயிற்சி) செய்துவிட்டு வருவோம். தெரியாவிட்டால் மேடையில் உட்கார்ந்து, இறங்கிக்கொண்டே இருக்கும் தந்தியோடு போராட வேண்டியதுதான்.

என் பெரிய வருத்தம் இதில்தான் இருக்கிறது. சம்பளத்தைவிட இதை முதலில் சொல்கிறேன். பாடகரை எட்டு மாதம் முன்பே பேசி முடிக்கிறீர்கள். மண்டபம், நேரம், விளம்பரம் எல்லாம் தீர்மானமாகிவிடுகிறது. வயலினுக்கு ஆள் பார்ப்பது மட்டும் கடைசி வாரத்துக்கு நிற்கிறது. "நாளன்னைக்கு ஃப்ரீயா?" என்று எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்கே இல்லை. ஒரு முறை ஒரு சபாவிலிருந்து காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள், கச்சேரி அன்று மாலை நாலு மணிக்கு. யாருக்கு என்று கேட்டேன். "வாங்கம்மா, வந்தா தெரியும்" என்று பதில் வந்தது. போனேன். நான் அதுவரை ஒரு தடவைகூட நேரில் கேட்டிராத பாடகர். அவர் நல்லவர், அனுசரித்துப் பாடினார். ஆனால் அன்றைக்கு அந்த மேடையில் நான் வாசித்ததில் பாதி தற்காப்புதான். அதைக் கேட்டுவிட்டு ஒரு ரசிகர், "வயலின் இன்னைக்கு டல்" என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பழி முழுக்க என் தலையில்தான் விழுந்தது.

வயலின் இந்த இசைக்குள் வந்து 200 வருடத்துக்கு மேல் ஆகிறது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் இதைக் கற்றுக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வர் என்ற இசை, நடனக் கலைஞர்களான சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தார். மேற்கே நின்றுகொண்டு தாடைக்கு அடியில் வைத்து வாசிக்கும் வாத்தியத்தை, நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியை வலது கணுக்காலில் சாய்த்து வாசிப்பதாக மாற்றினார்கள். இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்கும் வேலை போய்விட்டது, தந்தி மேல் தாராளமாக வழுக்கிப் போகலாம் என்று ஆயிற்று. தோடி ராகத்தின் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, வயலினில் பேசுவது அதனால்தான். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று மைசூர் சௌடய்யா ஏழு தந்தி வயலினே வைத்துக்கொண்டார். கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை பெரிய பக்கவாத்தியக்காரர். அப்புறம் லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் எல்லோரும் தனிக்கச்சேரியில் கொடி நாட்டியவர்கள், அதே சமயம் பல வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்கள். அவர்கள் பக்கவாத்தியம் வாசித்த பழைய ஒலிப்பதிவுகளை இன்றும் நாம் தேடிக் கேட்கிறோம், பாடியவருக்காக மட்டுமா கேட்கிறோம்?

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பணத்தைப் பற்றிப் பேசினால் கலையை மதிக்காதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்கிற பயத்திலேயே நாங்கள் வளர்க்கப்பட்டிருக்கிறோம். கச்சேரிக்குக் கூப்பிடும்போது தொகை எவ்வளவு என்று சொல்ல மாட்டீர்கள். நாங்களும் கேட்க மாட்டோம். கச்சேரி முடிந்ததும் ஒரு கவர் வரும். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால்தான் தெரியும். ஊர் விட்டு ஊர் போயிருந்தால் சில தடவை வந்துபோன செலவே அதில் பாதியைத் தின்றிருக்கும். பாடுபவரிடம் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, "அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஒதுங்கும் சபாக்களும் உண்டு. அப்படி ஆகும்போது, மேடையில் சமமாகப் பதில் சொல்ல வேண்டிய ஒருவர், மேடையை விட்டு இறங்கியதும் பாடகரின் தயவை எதிர்பார்த்து நிற்கிறார். எங்களுக்குள் இருக்கும் நட்பையே இது கெடுக்கிறது. எனக்குத் தெரிந்த இரண்டு அருமையான பாடகர்கள் இதற்காகவே, "பக்கவாத்தியத்துக்குத் தனியாக, நேராகக் கொடுத்துவிடுங்கள்" என்று சபாக்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அகில இந்திய வானொலியைப் பாருங்கள். குரல் தேர்வு மாதிரியே பக்கவாத்தியத்துக்கும் தேர்வு உண்டு. பி, பி ஹை, ஏ, ஏ டாப் என்று தரம் கொடுப்பார்கள். தரத்துக்கு ஏற்ற சம்பளம் எவ்வளவு என்பது வாசிக்கப் போவதற்கு முன்பே தெரியும். யாரிடமும் கேட்கவும் வேண்டாம், கூசவும் வேண்டாம். ஒரு காலத்தில் நிலைய வித்வான் என்கிற மாதச் சம்பள வேலையும் அங்கே இருந்தது. எத்தனையோ வயலின் குடும்பங்கள் அதை வைத்துப் பிழைத்தன. ஆனால் அந்த வேலையை நம்பி இன்று 17 வயதுப் பெண்ணை இந்தத் தொழிலுக்கு வா என்று என்னால் சொல்ல முடியாது.

அவளுக்கு மிச்சம் இருப்பது இரண்டே வழி. கச்சேரி, இல்லாவிட்டால் சொல்லிக்கொடுப்பது.

சொல்லிக்கொடுப்பதை நான் குறைவாக நினைக்கவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு நிம்மதி தந்த வேலை அதுதான். வயலின் மேதை துவாரம் வெங்கடஸ்வாமி நாயுடு 26 வயதில் விஜயநகரம் மகாராஜா இசைக் கல்லூரியில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார், 1936இல் அங்கேயே முதல்வரானார். அந்த ஆசிரியர்தான் 1941இல் சென்னை மியூசிக் அகாடமியின் பெரிய விருதான சங்கீத கலாநிதியைப் பெற்றார். டி.என். கிருஷ்ணனும் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவர்தான். நம் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளிலும் வயலின் ஒரு பாடம். எங்கோ ஒரு சின்ன ஊரிலிருந்து வரும் பிள்ளை அங்கே வில்லைப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. அந்த ஆசிரியர்களுக்கு என் வணக்கம்.

ஆனால் இந்தப் பாடத்தில் ஒரு பகுதியை வகுப்பில் சொல்லிக்கொடுக்க முடியாது. முதல் சில மாதம் வெறும் ஸா, வில் கோணாமல் நேராகப் போக. அப்புறம் ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் மூன்று காலத்தில். பிள்ளைகளைக் கீர்த்தனையை வாயால் பாட வைத்த பிறகே வயலினை எடுக்கச் சொல்வேன். ஏனென்றால் சாகித்யத்தில் சொல் எங்கே பிரிகிறதோ அங்கேதான் வில்லும் திரும்ப வேண்டும், தெரியாமல் வாசித்தால் சொல் உடைந்து அர்த்தமே கெட்டுவிடும். இவ்வளவும் வகுப்பில் வரும். பக்கவாத்தியம் வாசிப்பது மட்டும் மேடையில்தான் வரும். பாடுபவர் மனது எந்தப் பக்கம் போகிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது, தப்பாகப் போனால் சத்தமில்லாமல் திரும்பி வருவது, அவர் தடுமாறினால் ஒரு ஸ்வரத்தை மெதுவாக எடுத்துக் கொடுப்பது, இதையெல்லாம் 50 கச்சேரி, 100 கச்சேரி வாசித்தால்தான் கற்றுக்கொள்ள முடியும். கடல் கடந்து இருக்கும் பிள்ளைகளுக்கு விடியற்காலையிலும் இரவிலும் கணினி வழியாகச் சொல்லிக்கொடுக்கிறேன். என் வீட்டுச் செலவில் பெரும்பங்கு அதில்தான் நடக்கிறது. அதில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல வாசிக்க முடியாது, ஒலி வந்து சேரத் தாமதமாகும். நான் வாசிப்பேன், அவர்கள் கேட்டுவிட்டுத் திருப்பி வாசிப்பார்கள். ராகம் வரும், பக்கத்தில் உட்கார்ந்து பின்தொடரும் பழக்கம் வராது.

ஆகவே அடுத்த தலைமுறைப் பக்கவாத்தியக்காரர்கள் உருவாகும் பள்ளிக்கூடம் உங்கள் மேடை. அதிலும் மார்கழி இசைவிழாவின் மதிய நேரத்தில் இளம் கலைஞர்களுக்கு நீங்கள் கொடுக்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான். அந்த மேடைக்கு நான் நன்றியுள்ளவள், என் வளர்ச்சியும் அங்கேதான் தொடங்கியது. ஆனால் அந்த நேரத்தில் வாசிக்கும் பிள்ளைகளுக்குச் சில இடங்களில் ஒன்றுமே கொடுப்பதில்லை. வாய்ப்புக் கொடுத்ததே போதும் என்கிறார்கள். வாய்ப்பு முக்கியம்தான். ஆனால் டிசம்பரில் பத்து மேடையில் அப்படி வாசிக்கும் பையன், ஜனவரியில் வில்லுக்குக் குதிரைவால் முடி மாற்றவும் புதுத் தந்தி வாங்கவும் அப்பாவிடம் கை நீட்டுகிறான். இரண்டு வருடம் நீட்டுவான். மூன்றாவது வருடம் வேறு வேலைக்குப் போய்விடுவான். என்னிடம் படித்தவர்களிலேயே நான்கு பேர் அப்படிப் போனார்கள். அதில் ஒருவன் வாசித்த பைரவி ராகம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு கதவும் அடைபடுகிறது. ஒரு கச்சேரிக்கு என்னை அழைத்து, நானும் ஒப்புக்கொண்டு, நாலு நாள் கழித்து மறுபடி தொலைபேசி வந்தது. "தப்பா நினைக்காதீங்க, பாடறவர் ஆண் பக்கவாத்தியம் கேக்கறார்" என்றார்கள். என் வாசிப்பில் குறை என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூடத் திருத்திக்கொள்ள ஒரு வழி இருந்திருக்கும். பாடகி எம்.எல். வசந்தகுமாரிக்கு வருடக்கணக்கில் வாசித்த ஏ. கன்யாகுமரிக்கு 2016இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. வயலின் வாசிக்கும் பெண்களில் அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் அவர். அன்றைக்கு நான் என் மாணவிகளையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கொண்டாடினேன். அவர் வாசித்துக் காட்டிய பிறகும் இந்தக் கேள்வி இருக்கலாமா? பாடுபவர் அப்படிக் கேட்டால், முடியாது என்று சொல்லும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. மேடை உங்களுடையது.

ஒலி அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடகருக்குத் தன் குரல் கேட்க மேடையில் மானிட்டர் ஒலிபெருக்கி வைக்கிறீர்கள். அது எங்கள் பக்கம் கேட்பதே இல்லை. பாடுபவர் சன்னமாகப் பிடிக்கும் சங்கதி காதில் விழாவிட்டால் எப்படிப் பின்தொடர்வது? பத்து நிமிடம் முன்னால் வரச் சொல்லி எங்கள் மைக்கையும் சரிபார்த்தால் போதும்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டரை மணி நேரம் சம்மணம் போட்டு, இடது தோளை ஒரே நிலையில் வைத்து வாசிக்கிற வேலை இது. 40 வயதுக்கு மேல் கழுத்து, தோள்பட்டை, மணிக்கட்டு என்று ஏதாவது ஒன்று வலிக்காத வயலின்காரரை எனக்குத் தெரியாது. போன வருடம் நான் மூன்று மாதம் வில்லைத் தொடக்கூட முடியாமல் இருந்தேன். அந்த மூன்று மாதம் கச்சேரி வருமானம் இல்லை. வகுப்புப் பிள்ளைகள் பாட்டாகவே பாடிக்கொண்டு வந்து போனார்கள். அவர்கள் வீட்டார் மாதக் கட்டணத்தை நிறுத்தவில்லை, அதை நான் மறக்க மாட்டேன்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. நுழைவுச் சீட்டு விற்று எந்தச் சபாவும் கொழிக்கவில்லை. விளம்பரதாரர்களைத் தேடி நீங்கள் படி ஏறி இறங்குவதை நேரில் பார்த்திருக்கிறேன். சொந்தக் கையிலிருந்து போட்டு விழா நடத்தும் செயலாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் கேட்பவற்றில் பாதிக்குப் பணமே வேண்டாம். பாடகரிடம் தேதி வாங்கும் அன்றைக்கே வயலினையும் மிருதங்கத்தையும் பேசி முடியுங்கள். யாருக்கு, என்ன சுருதி என்று சொல்லுங்கள். அழைப்பிதழிலும் விளம்பரத்திலும் பாடுபவர் பெயருக்குக் கீழே எங்கள் பெயரையும் படிக்கிற அளவு எழுத்தில் போடுங்கள், "மற்றும் பக்கவாத்தியங்கள்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள். ஏற்பதா வேண்டாமா என்று அவரவர் முடிவு செய்துகொள்வார்கள். அதை அவரவர் கையில் நேராகக் கொடுங்கள். மதியக் கச்சேரிப் பிள்ளைகளுக்கு வந்துபோகும் செலவாவது கட்டாயம் கொடுங்கள்.

இதையெல்லாம் ஏற்கெனவே செய்கிற ஒரு சின்ன அமைப்புக்கு வருடா வருடம் வாசிக்கப் போகிறேன். கூட்டம் 80 பேர்தான் வரும். ஆறு வாரம் முன்னால் ஒரு கடிதம் வந்துவிடும். தேதி, நேரம், பாடுபவர், சுருதி, தொகை எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கச்சேரிக்கு நான் செய்கிற சாதகமே வேறு மாதிரி இருக்கும். பாடுபவரின் பழைய கச்சேரிகளைக் கேட்டு வைத்துக்கொள்வேன், அவர் எந்த ராகத்தை விரும்பி எடுப்பார் என்று பார்த்து வைப்பேன். போன முறை அங்கே காம்போதி ஆலாபனையை முடித்துவிட்டு அந்தப் பாடகர் என் பக்கம் திரும்பி, "நீங்க எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க" என்று மெதுவாகச் சொன்னார். 12 நிமிடம் வாசித்தேன். அந்த 12 நிமிடத்துக்காகத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

அந்த அம்மா பரீட்சை முடிந்து சித்திரையில் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் உங்களில் யாராவது, "எங்கள் சபாவில் வரும் வருடத்திலிருந்து இப்படிச் செய்யப்போகிறோம்" என்று எழுத்தில் கொடுத்தால், அந்தக் கடிதத்தை அவர் கையில் வைத்துவிட்டு, பெண்ணை இந்தத் தொழிலில் சேர்க்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஒரு வயலின் கலைஞர், ஆசிரியை